ஐந்தாம் குருவி



கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு முடித்து, கம்பெனிப் பேருந்திலிருந்து வல்லக்கோட்டைச் சாலையில் இறங்கிய இளைஞன் ஒருவன், அறைக்குச் சென்று படுக்காமல் நேரே ஆலயத்திற்கு வந்திருந்தான். உறக்கமின்மையால் கண்கள் சிவந்திருந்தன. சீருடையில் எண்ணெய்க் கறை. வேப்பமரத்தடியில் நின்று அலைபேசியைக் காதில் வைத்து எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அருகில் வந்து, "சாமி, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று அதை என்னிடம் நீட்டினான்.

அவனுடைய தாய் அனுப்பியிருந்த குரற்பதிவு அது. "சாப்பிட்டியா ராசா? பூசைக்குப் போயிட்டு அப்புறம் தூங்கு" என்பதற்கு மேல் அதில் அதிகச் செய்தியில்லை. ஆனால் அந்த அம்மையாரின் குரலுக்குப் பின்னால், தொலைவில், மெல்லிய சீழ்க்கையாக ஒரு பறவையின் பாட்டு ஏறியும் இறங்கியும் தொடர்ந்து கேட்டது.

"எங்க வீட்டுக்குக் கீழே சோலைக்குள்ள பாடுற குருவி, சாமி. நீலமா இருக்கும். அம்மா பேசினதை ஒரு தரம் கேட்டேன், இதை நாலு தரம் கேட்டேன்" என்று சிரித்தான். சிரிப்பு உடனே மறைந்தது. "அடுத்த வருஷம் இது கேட்குமான்னு தெரியல" என்றான்.

திருப்பலி முடிந்தபின் அவன் சொன்ன விவரம் இதுதான். கொடைக்கானல் மேல்மலையில் அவனுடைய வீடு. தந்தை இல்லை. வெள்ளைப்பூண்டும் காரட்டும் விளையும் சிறு நிலம். நிலத்தின் அடிப்பகுதியில், இரு சரிவுகள் கூடும் மடிப்பில் ஓர் ஊற்று. ஊற்றைச் சுற்றி, அவன் பாட்டனார் காலந்தொட்டு வெட்டாமல் விடப்பட்ட ஒரு துண்டுச் சோலை. உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்ட எண்ணும் ஒருவர் அந்நிலத்தை விலைக்குக் கேட்கிறார். தங்கைக்கு வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முப்பது பவுன் நகையும் ஒரு வண்டியும் எதிர்பார்க்கின்றனர். "வித்துடலாமா சாமி? நீங்க சொன்னா செய்றேன்" என்றான்.

குடும்பம் எது என்று யாரும் தேட வேண்டாம். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, அவர்களுடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

அன்று என்னிடம் விடை இல்லை. "இரண்டு வாரம் பொறு, தம்பி" என்றேன். விற்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு முன்னர், விற்கப்படவிருப்பது எது என்பதையாவது நான் அறிந்துகொள்ள வேண்டுமன்றோ? அந்தப் பறவைக்கும் எனக்கும் பழைய அறிமுகம் ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் குருக்களுக்கான தியானத்திற்காகச் செண்பகனூர் சென்றிருந்தபோது, விடியற்காலையில் நடைபாதையோரப் புதரிலிருந்து இதே பாட்டைக் கேட்டேன். ஒரே ஒரு முறை, கரிய நிழலுக்குள் நீலமாக ஏதோ தரையோடு தத்திச் சென்று மறைந்ததையும் கண்டேன். அதன் பெயர் என்னவென்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டறிந்தேன்.

அதன் பெயர் சோலைக்கிளி. வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று விரித்துக் கூறுவர். பெயரில் கிளி இருப்பினும் அது பச்சைக்கிளி இனத்தைச் சேர்ந்ததன்று. ஒரு சாண் நீளமும் இல்லாத பாடும் பறவை. தலையும் முதுகும் மார்பும் மழைமேகத்தின் கருநீலம், வயிறு வெண்மை, நெற்றியில் வெளிறிய ஒரு கீற்று. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையன. கால்கள் நீளமானவை, சிறகுகள் குறுகியவை. உயரப் பறந்து உலகைச் சுற்றிவரும் ஆசை அதற்கு இல்லை. சோலையின் அடித்தளத்தில், உதிர்ந்த இலைகளுக்கும் பெரணிகளுக்கும் நடுவே, ஓடையின் ஈரம் காயாத இடத்தில், பூச்சிகளைப் பொறுக்கி உண்டு வாழ்கிறது. ஓடைக்கரை மண்ணின் குழியிலோ மரப்பொந்திலோ பாசியைக் கொண்டு கூடு அமைத்து, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகிறது. வைகறையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் பாடுகிறது. அது வாழும் மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களுங்கூட அதைக் கண்ணாற் கண்டது குறைவு. காதாற் கேட்டதே மிகுதி.

பழனி மலையிலும் ஆனைமலையிலும் அவற்றைச் சார்ந்த தென்மேற்கு மலைகளிலும் அன்றி, இப்பறவை உலகில் வேறெங்கும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதற்கு வயிற்றின் ஓரம் செம்பழுப்பு. நடுவேயுள்ள கணவாயின் அகலம் ஏறத்தாழ முப்பது நாற்பது கிலோமீட்டர். நம்முடைய பேருந்து ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் அந்தத் தாழ்நிலத்தை இக்குருவி கடப்பதில்லை. அங்குள்ள வெப்பத்தையும் வறட்சியையும் அது தாங்காது. ஆகவே பல இலட்சம் ஆண்டுகளாக இவ்விரண்டு இனங்களும் ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்து வருகின்றன. கடலின் நடுவே தீவுகள் இருப்பது போலச் சமவெளியின் நடுவே குளிர்ந்த மலையுச்சிகள் இருக்கின்றன என்றும், இக்குருவிகள் அத்தீவுகளின் குடிகள் என்றும் அறிவியலார் விளக்குகின்றனர்.

இப்பறவையை உலகறியச் செய்ததில் ஒரு மறைபணியாளருக்கும் பங்குண்டு என்பதை அறிந்து வியந்தேன். சாமுவேல் பேர்பாங்க் என்னும் அமெரிக்கச் சீர்திருத்த சபைப் போதகர், பழனி மலையில் தங்கியிருந்த காலத்தில் அங்குள்ள பறவைகளைச் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்த வில்லியம் பிளான்போர்டு என்னும் அறிஞர், 1868ஆம் ஆண்டில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியை அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். அதே மலையில் வாழும் சிரிப்பான் இனப் பறவை ஒன்று இன்றளவும் பேர்பாங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் இந்த நீலக் குருவி எந்தப் பறவைக் குடும்பத்தின் உறுப்பினர் என்பது நீண்டகாலம் தெளிவாகவில்லை. வட நாட்டு இமயப் பறவைகளோடு சேர்த்தார்கள். பிறகு வேறு கூட்டத்தோடு சேர்த்தார்கள். 2017ஆம் ஆண்டிலேதான், ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை வேறெந்தப் பேரினத்திலும் அடங்காத தனிப் பேரினத்தவை என்று காட்டினர். புதிய பேரினத்திற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அவர்கள் சூட்டிய பெயர் "சோலிகோலா". சோலை என்னும் நம் தமிழ்ச் சொல்லோடு, வாழ்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைப் பிணைத்து ஆக்கிய பெயர் அது. குருமடத்தில் இலத்தீன் படித்த என் போன்றோருக்கு, அம்மொழியும் தாய்மொழியும் ஒரு சிறு குருவியின் மேல் கைகோத்து நிற்பதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

சோலையில் வாழ்வது என்பதே அதன் பெயர். சோலை இல்லையேல் பெயரும் இல்லை, பறவையும் இல்லை.

சோலை என்றால் பூந்தோட்டம் என்று சமவெளியில் வாழும் நாம் எண்ணிவிடுகிறோம். மேல்மலையில் அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். அங்கே மலையின் முதுகெல்லாம் புல்வெளி. மலையின் மடிப்புகளில் மட்டும், காற்றுக்கு ஒதுங்கி, ஈரத்தைப் பற்றிக்கொண்டு, குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். மரத்தின் மேல் பாசி. பாசியின் மேல் பெரணி. பெரணிக்கிடையே ஆர்க்கிட் மலர். வெயில் தரையைத் தொடுவது அரிது. பெய்யும் மழையைப் புல்வெளியும் சோலையும் சேர்ந்து வாங்கிக்கொண்டு, கோடையிலும் துளித்துளியாக ஓடைக்கு விடுகின்றன. பழனி மலையின் இத்தகைய ஓடைகளே ஒருபுறம் வைகைக்கும் மறுபுறம் அமராவதிக்கும் நீர் கொடுக்கின்றன. மதுரையில் ஒருவர் ஒரு குவளைத் தண்ணீர் பருகும்போது, அதில் ஒரு மிடறு இக்குருவி கால் நனைத்த ஓடையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இந்தச் சோலைக்கும் புல்வெளிக்கும் நேர்ந்தது என்ன? விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக, வேற்று நாட்டிலிருந்து சீகை மரமும் தைல மரமும் பைன் மரமும் கொண்டுவந்து மலையெங்கும் நடப்பட்டன. புல்வெளியைத் தரிசு என்று தவறாக எண்ணினார்கள். மரம் நட்டால் நல்லதுதானே என்று கருதினார்கள். நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் விளைவு தீயதாயிற்று. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 1973ஆம் ஆண்டிற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும், சோலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அழிந்துவிட்டன எனக் காட்டிற்று. அவ்விடங்களில் இன்று நிற்பவை நட்ட மரங்களும் விளைநிலங்களும். வெண்வயிற்றுச் சோலைக்கிளி, அழியும் ஆபத்துக்கு உட்பட்ட உயிரினங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

என் உள்ளத்தைத் தொட்ட செய்தி இன்னொன்று உண்டு. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு மலைகளில் வாழும் இக்குருவிகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டனர். தொன்மையான பள்ளத்தாக்குகளால் பிரிந்த மலைகளில் பாட்டு வேறுபட்டிருந்ததில் வியப்பில்லை. ஆனால் மனிதன் அண்மைக் காலத்தில் காட்டை அழித்ததனால் பிரிந்துபோன இடங்களிலும் பாட்டின் இயல்புகள் வேறுபட்டிருந்தன. குருவி தன் பாட்டை அண்டையில் பாடும் குருவிகளைக் கேட்டுக் கற்கிறது. நடுவில் உள்ள சோலை அறுபட்டால், ஒரு மலையின் பாட்டு மறுமலைக்கு எட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டும் தனக்குள்ளேயே பாடிக்கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தொழிற்சாலைப் பகுதியின் பிள்ளைகளே நினைவுக்கு வந்தனர். திருவைகுண்டத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கி, ஊர்த் திருவிழாவின் பாட்டை மெல்ல மறந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் தாயின் குரலோடு ஒரு குருவியின் பாட்டையும் சட்டைப் பையில் சுமந்து திரிகிறான். அந்தப் பாட்டு அவனுக்கு வெறும் ஒலியன்று. வீடு இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அன்பார்ந்த குடும்பத்தாரே, திருச்சபைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு புதியதன்று. செண்பகனூரில் 1895ஆம் ஆண்டில் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். மெய்யியலும் இறையியலும் பயின்ற அதே இடத்தில் அவர்கள் அம்மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் சேகரித்து ஓர் அருங்காட்சியகமும் அமைத்தனர். பிரான்சு நாட்டிலிருந்து வந்த அருள்தந்தை ஆங்கிலாடு, அம்மலையின் தாவரங்களைத் தம் கையால் ஓவியமாகத் தீட்டினார். அவர் வழியில் வந்த அருள்தந்தை கே. எம். மேத்யூ, 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் தாவரக் கூடத்தைத் தொடங்கி, 2004இல் இறைவனடி சேரும்வரை தமிழகத்தின் தாவரங்களை மலை மலையாக நடந்து தேடிப் பதிவுசெய்தார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1999இல் வெளிவந்தது. காலையில் பீடத்தில் அப்பத்தை உயர்த்திய கைகளே பகலில் ஒரு புல்லின் பூவைப் பெருக்காடியின் கீழ் விரித்துப் பார்த்தன. இரண்டையும் ஒரே வழிபாடாகவே அவர்கள் கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

பறவைகளைச் சகோதரிகளென அழைத்த அசிசியின் தூய பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டு அறிவித்தார். அப்புனிதரின் பெயரையே தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலை 2015ஆம் ஆண்டு வழங்கினார். நம்மால் அழிக்கப்படும் ஒவ்வோர் உயிரினமும் தன் இருப்பினாலேயே இறைவனுக்குச் செலுத்திவந்த புகழ்ச்சியை இனிச் செலுத்தாது என்றும், அந்தப் புகழ்ச்சியை நிறுத்த நமக்கு உரிமையில்லை என்றும் அதில் அவர் கற்பிக்கிறார். இது கவிஞரின் கற்பனையன்று, திருச்சபையின் போதனை.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மறுபடியும் அந்த இளைஞனின் கேள்விக்கு வந்தேன். நற்செய்தியில் ஆண்டவர் சிட்டுக்குருவிகளின் சந்தை விலையை இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறார். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. கத்தரிக்காய் வாங்கும்போது கடைக்காரர் கறிவேப்பிலையைச் சும்மா போடுவது போல, விலையே இல்லாமல் கூடையில் விழுந்த குருவி. அவற்றில் ஒன்றையேனும், அந்த ஐந்தாம் குருவியையுங்கூட, இறைவன் மறப்பதில்லை என்பதே ஆண்டவருடைய வாக்கின் ஆழம்.

அந்த மேல்மலை நிலத்தின் விலைப் பேச்சிலும் ஓர் ஐந்தாம் குருவி இருந்தது. சாலை எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். பள்ளத்தாக்குக் காட்சி எந்த அறையிலிருந்து தெரியும் என்று கணக்கிட்டார்கள். ஊற்று விலையில் சேரவில்லை, சோலை சேரவில்லை, குருவி சேரவே இல்லை. அவையெல்லாம் கொசுறு. மறுபுறத்திலோ, சேரவே கூடாத ஒன்றுக்கு விலை போட்டிருந்தார்கள். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முப்பது பவுன் என்றும் ஒரு வண்டி என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விலையற்றதற்கு விலை, விலைமதிப்பற்றதோ இலவசம். இவ்வாறு சந்தை முற்றிலும் தலைகீழாகி நிற்கக் கண்டேன்.

அச்சோலைக்கு எதிரி கோடரி என்று நான் எண்ணியிருந்தேன். கோடரிக்குப் பின்னால் ஒரு நகைப்பெட்டி இருந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நம் திருச்சபையும் அதைக் கண்டிக்கத் தவறியதில்லை. ஆயினும் இங்கே என் குற்றத்தையும் நான் அறிக்கையிட வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை திருமணங்களை ஆசீர்வதித்திருக்கிறேன்! அவற்றுள் பலவற்றில் எவ்வளவு நகை கைமாறியது என்பதை நான் அறிவேன். எந்த வயல் விற்கப்பட்டது, எந்த வீடு அடகு போனது என்பதையும் அறிவேன். அறிந்தும் பேசாதிருந்தேன். மந்திரித்தேன், வாழ்த்தினேன், விருந்தில் அமர்ந்து உண்டேன். மலையில் ஒரு குருவிக்காக இரங்கும் நான், என் பங்கில் ஒரு தகப்பனுக்காக வாய் திறக்கவில்லை. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தபோது மூன்று காரியங்களைச் சொன்னேன். "தம்பி, நிலத்தை வாங்குகிறவர் குறித்த தேதி உனக்குக் கெடு அல்ல, அவசரத்தில் முடிவு செய்யாதே. இரண்டாவது, அம்மாவையும் தங்கையையும் கேட்டாயா? மூன்றாவது, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும் பொறுப்பை எனக்குக் கொடு."

அவன் அங்கேயே தாயை அழைத்தான். அந்த அம்மையாரின் விடை இரண்டே வரி: "வேணும்னா மேல் வயலை வித்துக்கலாம், சாமி. ஊற்றை வித்துட்டு எதைக் குடிக்கிறது?" சோலையின் அறிவியலை நான் இரண்டு வாரம் படித்தேன். அவர் அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தங்கையோ, அண்ணனுடைய தூக்கத்தை விற்று வாங்கும் நகை தனக்கு வேண்டாம் என்று கூறியிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேறொரு பங்கைச் சேர்ந்தவர்கள். அப்பங்குத் தந்தையோடு நானும் சென்றேன். கெட்டவர்கள் அல்லர், நாள்தோறும் செபமாலை சொல்லும் குடும்பம். தந்தையார் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயார், "நாங்க கேட்கலேன்னா, பையனுக்கு ஏதோ குறைன்னு ஊர் பேசும் சாமி" என்றார். அவருடைய மூத்த மகளை அனுப்பியபோது தங்கள் நிலத்தில் பாதியை விற்றதையும் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று: ஒருவருக்கொருவர் அஞ்சியே நாம் எல்லாரும் ஒருவரையொருவர் வாட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த இளைஞனின் அலைபேசியிலிருந்து என் கருவிக்கு வாங்கியிருந்த பதிவை அவர்களுக்கும் போட்டுக் காட்டினேன். "சாப்பிட்டியா ராசா?" என்ற குரல் வந்ததும் அந்தத் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருவியை அவர் கேட்டாரோ என்னவோ, நான் அறியேன். தாயைக் கேட்டார், அது போதும்.

இதன் முடிவு அற்புதமாக அமைந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. வண்டி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பெண்ணின் தாய் தம் கழுத்திலிருந்து கழற்றித் தருவதற்கு மேல் நகை கேட்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தை விட்டுவிட்டு, ஆலய வளாகத்திலேயே பந்தல் போட்டு எளிய விருந்து. அப்படியும் செலவு இருக்கிறது. அவன் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறான். அது எனக்கு வருத்தமே. நிலத்தை விலைக்குக் கேட்டவரும் இன்னும் விட்டபாடில்லை. பக்கத்து நிலத்துக்காரர் விற்றுவிட்டார் என்கிறார்கள். மலைச்சரிவில் ஒரே ஒரு துண்டுச் சோலை எத்தனை காலம் தனித்து நிற்கும்? ஒரு குடும்பத்தின் தியாகத்தால் மட்டும் அது நிற்காது. அரசும் ஊராரும் சேர்ந்தே காக்க வேண்டும். கொடைக்கானலில் 1985ஆம் ஆண்டிலேயே பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றி, சோலை மரக் கன்றுகளை வளர்த்து நட்டுவருவதை நன்றியோடு நினைக்கிறேன். அத்தகையோரிடம் கேட்டு, ஊற்றைச் சுற்றிச் சில கன்றுகள் நடுமாறு அவனிடம் கூறியிருக்கிறேன்.

நமக்கு மலை இல்லை, சோலையும் இல்லை. தொழிற்சாலைச் சுவர்களுக்கும் லாரிகளின் வரிசைக்கும் நடுவே எஞ்சியிருக்கும் ஏரிகளின் கரையில் வாழ்கிறோம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஐந்தாம் குருவி உண்டு. கணக்கில் வராத ஒருவர், கணக்கில் வராத ஒன்று. சம்பாத்தியம் இல்லாத பாட்டியாக இருக்கலாம். பேச்சு வராத குழந்தையாக இருக்கலாம். வீட்டு மனைக்காக மண் கொட்டப்படும் ஊர்க் குளமாக இருக்கலாம். அதன் விலை என்ன என்று கேட்பவர் இல்லை என்பதாலேயே அதை இழந்துவிடுகிறோம். இழந்தபின் அதை வாங்க எந்தச் சந்தையிலும் முடிவதில்லை.

இம்மாதத்தில் ஒரு நாள், இரவு செபத்திற்குப் பின், குடும்பமாக அமர்ந்து இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம் வீட்டில் நாம் கொசுறாக எண்ணுவது எது? நம் மகனுக்கோ மகளுக்கோ திருமணம் பேசும்போது, எதிர்வீட்டார் எதை விற்க நேரிடும் என்று எண்ணிப் பார்த்தோமா? திருமண வயதில் மகன்கள் உள்ள பெற்றோர், "நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை" என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று தீர்மானம் செய்யுங்கள். அப்படிச் செய்யும் குடும்பத்தின் திருமணத்திற்கு நான் எத்தனை காதம் என்றாலும் வருவேன்.

சென்ற ஞாயிறன்று அவன் மீண்டும் வேப்பமரத்தடியில் நின்றான். புதிய பதிவு ஒன்று வந்திருந்தது. இந்த முறை தாயார் பேசவே இல்லை. "நீ கேட்கணும்னு அம்மா போனைத் திண்ணையில வச்சுட்டுப் போயிட்டாங்களாம், சாமி" என்றான். மூன்று நிமிடம். மழைத்துளி ஓட்டின் மேல் விழும் ஓசை. எங்கோ ஒரு சேவல். பிறகு அந்தச் சீழ்க்கை. ஏறியது, இறங்கியது, நின்றது. சற்றுத் தொலைவிலிருந்து இன்னொன்று அதற்கு மறுமொழி பாடிற்று.

திருப்பலி மணி அடிக்கும்வரை இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எவரையும் எதனையும் மறவாத இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை